விளையாட்டுக் கோட்டாவில் ஒரே ஒரு சீட்டு

பெண்களை நான் காலைப் பார்த்துத்தான் எடை போடுவேன். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும். இரக்கம் வந்தால் மதிப்பெண் கெட்டுவிடும். தஞ்சாவூரில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். விளையாட்டுக் கோட்டாவில் யாரைச் சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்வதும் என் வேலைதான்.

அதற்காகப் பள்ளிகளுக்கு இடையிலான கபடிப் போட்டி எங்கே நடந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். வேறு கல்லூரிக்காரர்களும் வந்திருப்பார்கள். ஷூ வாங்கித் தருகிறேன், டிராக் சூட் தருகிறேன் என்று பிள்ளை பிடிக்கிற கூட்டம் அது. நானும் அதில் ஒருத்திதான், ஆனாலும் அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் ஷூவைப் பற்றிப் பேச மாட்டேன். படிப்பு, விடுதி, சாப்பாடு மூன்றும் இலவசம் என்று மட்டும் சொல்வேன்.

அப்படித்தான் திருத்துறைப்பூண்டியில் அந்த அக்கா தங்கையைப் பார்த்தேன். இருவரும் பிளஸ் டூ, ஒரே வகுப்பு. தங்கை இடது ஓரத்தில் நிற்பாள். அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் அக்கா. கபடியில் இதைச் சங்கிலி என்போம். பாடி வருகிறவளின் கணுக்காலைத் தங்கை பிடித்த அதே நொடியில் அக்கா வந்து மேலே விழுவாள். கண் காட்டுவது, குரல் கொடுப்பது எதுவும் கிடையாது. கைக்குள்ளேயே என்னவோ பேசிக்கொள்வார்கள். எத்தனையோ வருஷமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அப்படி ஒரு பிடியை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியாது.

அடுத்த வாரமே அவர்கள் ஊருக்குப் போனேன். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். அப்பா நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறார், அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த அறுத்த வயலில்தான் பெண்கள் பழகுவார்களாம். வெயிலில் வெடித்துக் கிடந்த களிமண்ணுக்கு மேல் மணலைக் கொட்டிக் கோடு போட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கிறதா இருந்தா அனுப்புறேன் டீச்சர்," என்றார் அப்பா. "ஒருத்தியத் தனியா அனுப்ப மாட்டோம். எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்ல."

அது வாய்ப்பேச்சு இல்லை. ஆறாம் வகுப்புக்கு வெளியூருக்கு பஸ்ஸில் போக வேண்டும் என்பதால், மூத்தவளை ஒரு வருஷம் வீட்டிலேயே நிறுத்திவைத்து, தங்கையோடு சேர்த்துத்தான் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். தங்கைக்குத் துணையாக அவள் ஒரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள். அதை யாரும் தியாகம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அது சாதாரண ஏற்பாடு.

முயற்சி செய்கிறேன் என்றுதான் சொன்னேன். சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்த அம்மா எனக்குச் சாப்பாடு போட்டார், இரண்டு பெண்களும் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார்கள். அதற்குப் பிறகு முயற்சி என்ற சொல்லுக்கு என்ன மரியாதை இருக்கிறது?

மே மாதம் எங்கள் மைதானத்தில் தேர்வு வைத்தோம். குழுவில் நான், துணை முதல்வர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். உயரம், எடை, ஓட்டம், பிறகு ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பிடித்துக் காட்ட வேண்டும். மற்ற விளையாட்டுகளுக்குக் கொடுத்தது போகக் கபடிக்கு ஒரே ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது. இவர்களை ஜோடியாக விட்டுப் பாருங்கள் என்று கேட்டேன்.

"சீட்டு ஒண்ணுதானே மேடம், ஜோடியா பார்த்து என்ன பண்றது?" என்றார் நிர்வாகத்துக்காரர்.

கேள்வி சரிதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. தனியாக ஓடினால் தங்கைதான் வேகம், உயரமும் அவள்தான். அக்காவின் அருமை தங்கையின் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். அதற்கு எங்கள் தாளில் கட்டம் இல்லை. சீட்டு தங்கைக்குப் போனது.

சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் காத்திருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நாங்க கெளம்புறோம் டீச்சர்" என்றார். தங்கை அழுதாள். அக்காதான் வழியை மறித்து நின்றாள்.

"அப்பா, நானும் தஞ்சாவூர்லயே இருக்கேன். ஜவுளிக்கடையில ஆள் எடுக்கிறாங்க, நம்ம ஊர் பொண்ணுங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க. தங்க இடமும் அவங்களே தர்றாங்க. வாரா வாரம் நான் இவளப் போய்ப் பார்த்துக்கிறேன்."

ஊருக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும், மார்க் அப்படி ஒன்றும் மோசமில்லை. நான் அதைச் சொன்னேன். "அங்க போனா இவள அனுப்ப மாட்டாரு மிஸ்," என்று அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னாள். அவரும் மறுக்கவில்லை.

அப்படியாகத் தங்கை கல்லூரிக்கு வந்தாள், அக்கா ஜவுளிக்கடைக்குப் போனாள். வார விடுமுறை அன்று சாயங்காலம் கம்பி வேலிக்கு வெளியே வந்து நின்றுகொண்டு பயிற்சியைப் பார்ப்பாள். உள்ளே வா என்றால் வர மாட்டாள். தங்கைக்குப் பக்கத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தேன், நல்ல ஆட்டக்காரிதான். ஆனால் எதிரணிப் பெண் பாடி வரும்போது தங்கை ஒரு கணம் திரும்பிப் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். முன்பு அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் வேலிக்கு வெளியே போய் அக்காவிடம் பேசினேன். இந்த வருஷம் மூத்த பெண்கள் படிப்பு முடித்துப் போகிறார்கள், மே மாதம் தேர்வுக்கு வா, இந்த முறை ஜோடியாக விட்டுத்தான் பார்க்கச் சொல்வேன் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"டெய்லி கடை ஹாஸ்டல் மாடியில பஸ்கி போடுறேன் மிஸ். நான் விடல."

"கடையில உட்கார விடுறாங்களா?"

"ஸ்டூல் போட்டிருக்காங்க மிஸ்," என்று சிரித்தாள். "கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாம். கஸ்டமர் இல்லாம எப்ப இருக்கு?"

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் வரவில்லை. அந்த நாட்களில் கடையில் லீவு கிடையாது. மாசி மாதம் கல்யாண ஜவுளி. தங்கை தினமும் என்னிடம் வந்து, சீட்டு உண்டுதானே மிஸ் என்று கேட்பாள். உண்டு என்பேன். அது பொய்யில்லை. நிர்வாகத்துக்காரரிடம் நேராகப் போய்ச் சண்டை போட்டு, ஜோடிப் பிடியையும் தேர்வில் சேர்க்கச் சம்மதம் வாங்கியிருந்தேன். எனக்கே என்மீது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மே மாதம் வந்தது. அக்கா கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு யூனிஃபார்ம் புடவையிலேயே வந்தாள். தங்கையின் டிராக் பேன்டை மாற்றிக்கொண்டு வந்து, கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போல நான் காலைத்தான் பார்த்தேன். கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்திருந்தது. இருபது வயதுகூட ஆகாத பெண்ணின் கால் அது.

தங்கை ஓரத்தில் நின்று கையை நீட்டினாள். அக்கா பிடித்துக்கொண்டாள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தங்கை பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் அணிப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டு உள்ளே வந்தாள். தங்கை சரியாகப் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். அக்காவின் மனசும் அதே நொடியில் பாய்ந்திருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. கால்தான் வரவில்லை. கை இழுபட்டு விடுபட்டது. வந்தவள் உதறிக்கொண்டு ஓடிப்போனாள்.

இன்னொரு தரம் என்றேன். அப்போதும் அதுதான். மூன்றாவது முறை அக்கா முட்டியில் விழுந்தாள். நிர்வாகத்துக்காரர் இந்த முறை எதுவும் பேசவில்லை, கையிலிருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவராவது ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். கேட்டு வாங்கிய கட்டம் காலியாக என் முன்னால் இருந்தது. கண்ணால் பார்த்ததற்கு உரிய மதிப்பெண்ணைத்தான் போட்டேன்.

கபடிக்கு அந்த முறையும் இருந்த ஒரே சீட்டு பாபநாசத்துப் பெண்ணுக்குப் போனது. நன்றாக ஆடினாள், அவள்மீது எந்தக் குறையும் இல்லை. அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தங்கைதான், நானும் நின்னுடுறேன் மிஸ், எனக்கும் வேண்டாம் என்றாள்.

"அப்புறம் நான் எதுக்குடி அங்க நிக்கிறேன்?" என்றாள் அக்கா.

குரலை உயர்த்தக்கூட இல்லை. அக்கா மைதானத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு மணிவரைக்கும் பர்மிஷன் இருக்கு மிஸ். அதுவரைக்கும் இங்கயே கொஞ்சம் உட்கார்ந்துக்கவா?"

உட்காரு என்றேன். கோட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். தங்கை எதிரே உட்கார்ந்து, அந்தக் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.