ஹார்லன் அடைத்து வைத்த இருபத்திரண்டு தோட்டாக்கள்

ஆர்வெல்லா ஸ்டிக்கலுக்கு வயது எழுபத்து மூன்று. புருஷன் ஹார்லன் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. சாலையை விட்டு இறங்கி ஓடையைத் தாண்டி ஒன்றரை மைல் போனால் அவள் வீடு. அதற்கப்புறம் காடுதான். செப்டம்பரில் எவனோ அவள் கொட்டகைப் பூட்டை உடைத்து மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் வாய் சும்மா இராமல் அதைப் போனில் மகனிடம் சொன்னாள். மகன் கெண்டல் டல்சாவில் ஏர்கண்டிஷனர் மாட்டுகிற வேலையில் இருப்பவன். உடனே ஒரு நிபந்தனை போட்டான். சனிக்கிழமை வருவேன், என் கண்ணெதிரே ஏழு காலடி வைத்துத் தள்ளி நின்று, அப்பாவின் ரிவால்வரால் ஒரு பேப்பர் தட்டில் ஆறுக்கு ஐந்து சுட்டுக் காட்டு. காட்டினால் அங்கேயே இரு. இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு என்னோடு கிளம்பு.

அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கடைக்கு வந்தாள். நான் அங்கே பதினெட்டு வருடமாகத் தூண்டில் புழுவும் தோட்டாவும் விற்கிறேன். இரண்டுக்கும் நடுவில் கை கழுவுவேன் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"டெல்மர், வீட்டுக்குள்ள வச்சுக்கிற மாதிரி தோட்டா காட்டுப்பா. என் மணிக்கட்டு தாங்கணும்."

அடுப்போரம் உட்கார்ந்து ஓசிக் காப்பி குடிக்கிற ஓரின் வாயைத் திறந்தான். ஓரின் எங்கள் கடையில் எதையும் வாங்கியதில்லை. எல்லாருக்கும் யோசனை மட்டும் சொல்லுவான்.

"மேக்னம் வாங்குங்க மிஸ் ஆர்வெல்லா. உங்க துப்பாக்கி சாதாத் தோட்டா, மேக்னம் ரெண்டையும் தின்னும். மேக்னம்னா கரடியே உட்கார்ந்துரும்." எங்கள் ஊரில் வயதான பெண்களை மரியாதைக்கு மிஸ் என்பதுதான் வழக்கம்.

"எங்க வீட்டுக்குக் கரடி கதவு வழியா வராது ஓரின்."

"அதைச் சுட்டா சுவரையும் தொளைச்சுக்கிட்டுப் போயி அடுத்த வீட்டுக்காரனையும் சேர்த்துக் கொன்னுரும்," என்றேன் நான்.

"அடுத்த வீடு எங்க இருக்கு," என்றாள் ஆர்வெல்லா. கேள்வி மாதிரி கேட்கவில்லை. ஓரின் காப்பியைப் பார்த்துக்கொண்டான்.

நான் மூன்று டப்பாவை எடுத்து வைத்தேன். மேக்னம், வீட்டுக்குள் சுட்டால் காதும் போகும், மணிக்கட்டும் போகும், வெளிச்சத்தில் கண்ணும் கூசும். இரண்டாவது முனையில் குழி வைத்தது. நல்ல சரக்கு, ஆனால் அவள் துப்பாக்கியில் கொஞ்சம் உதைக்கும். மூன்றாவது தட்டை மூக்கு. முனையே கிடையாது, அரிந்த மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். பேப்பரில் ஓட்டை போடுவதற்கென்றே செய்தது. உதை இல்லை. ஆண்பிள்ளைகள் இதை வீட்டுக்கு வாங்க வெட்கப்படுவார்கள். ஆனால் குறி பார்த்த இடத்தில் படுகிற மெதுவான குண்டு, கூரையில் படுகிற வேகமான குண்டைவிட மேல்.

"தட்டை மூக்கே குடு. பழகறதுக்கு. துப்பாக்கிக்குள்ள இதுதான் இருக்கும்," என்று பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தாள்.

ஹார்லன் கைப்பட அடைத்த தோட்டாக்கள். மூடியில் பென்சிலால் 'ஆர்வெல்லாவுக்கு, மெதுவானது, நவம்பர்' என்று எழுதி வருடமும் போட்டிருந்தான். ஐம்பதில் இருபத்திரண்டு மிச்சம். எங்கள் பக்கம் பாதிப்பேர் குளிர்காலத்தில் கொட்டகையில் உட்கார்ந்து இந்த வேலைதான் செய்கிறார்கள். பழைய கூட்டில் புது வெடிமருந்து கொட்டி, குண்டை வைத்து அமுக்குவது. ஹார்லன் இதில் கெட்டிக்காரன் என்று பெயர்.

அடுத்தவன் அடைத்ததைச் சுடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அடைத்தவன் உயிரோடு இல்லையென்றால் சுடவே கூடாது. கேட்பதற்கு ஆள் இல்லையே. எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை, ஆனால் இந்தப் பாடம் தெரியும். அவள் அந்த மூடியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு நான் சொல்லவில்லை. "ஹார்லன் சமைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு ஜோக் அடித்து அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் மண்மேட்டில் தட்டைக் குத்தி வைத்தேன். கெண்டல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காரின் பின் சீட்டில் மடித்த காலி அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன். சாமான் கட்டவே வந்திருந்தான். ஆர்வெல்லா ஹார்லனின் தோட்டாக்கள் ஆறைப் போட்டுக்கொண்டாள். முதல் குண்டு தட்டின் நடுவில் விழுந்தது. இரண்டாவதும் தட்டிலேயே.

மூன்றாவது வெடிக்கவில்லை. 'தொப்' என்று ஒரு சத்தம், ஈரத் துணியை உதறின மாதிரி. தட்டும் ஆடவில்லை, மண்ணும் தெறிக்கவில்லை. அவள் விரல் மறுபடி அழுத்தப் போனது.

நான் பாய்ந்து அவள் கையைத் தரைப்பக்கமாகப் பிடித்துக்கொண்டேன். "விரலை எடுங்க. எடுங்க மிஸ் ஆர்வெல்லா."

"என்னடா?"

"குண்டு குழலுக்குள்ளயே நிக்குது. அதுமேல இன்னொண்ணு விட்டிருந்தா உங்க கையில வெடிச்சிருக்கும்."

கெண்டல் முகம் வெளுத்துவிட்டது. "போதும்மா. கிளம்பு."

"துப்பாக்கி பண்ணின தப்புக்கு நான் ஏன்டா கிளம்பணும்?"

"துப்பாக்கி பண்ணலம்மா. அப்பா பண்ணாரு."

அவள் துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள்.

கடைக்குள் கொண்டுபோய்ப் பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டிக் குண்டை வெளியே எடுத்தேன். மிச்சம் இருந்த பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூன்றில் மருந்தே இல்லை, வெறும் கூடு. ஒன்றில் இரண்டு பங்கு. அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கியே கையில் சிதறியிருக்கும். மேஜைமேல் நான் கொட்டக் கொட்ட ஆர்வெல்லா பக்கத்தில் நின்று பார்த்தாள். மூடியில் இருந்த வருடத்தை விரலால் தடவினாள். ஹார்லனின் மறதி நோய்க்கு டாக்டர் பெயர் வைத்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான்.

"அந்த நவம்பர்ல தினம் சாயங்காலம் கொட்டகைக்குப் போயி உட்காந்துக்குவாரு," என்றாள். "சாப்பாடு ஆறுது வாங்கன்னு கூப்பிடுவேன். பதிலே வராது. என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான் போறாருன்னு நெனச்சேன் டெல்மர். ரெண்டு வாரம் நானும் பேசல."

"எதுவரைக்கும் மருந்து போட்டோம்னு தேடிக்கிட்டு உட்காந்திருப்பாரு," என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

கெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தட்டை மூக்கைக் குடு," என்றாள். வெளியே போய்ப் புதுத் தட்டை அவளே குத்தி வைத்தாள். ஏழு காலடி வைத்தாள். ஆறு சுட்டாள். ஐந்து தட்டில். ஆறாவது விளிம்பைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கெண்டல் கேட்கவில்லை. ஐந்து போதுமே.

"ஞாயித்துக்கிழமை போன் பண்றேம்மா," என்றான். காலிப் பெட்டிகளோடு அவன் கார் டல்சாவுக்குத் திரும்பிவிட்டது.

அவள் தட்டை மூக்கில் இரண்டு டப்பா வாங்கினாள். ஆறைப் போட்டுக்கொண்டு உருளையை மூடினாள். நான் பின்னாலேயே வண்டியில் வரட்டுமா என்றதற்கு, வழி தெரியும் என்றாள்.

அன்றைக்கு ஆறு மணிவாக்கில், செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"கெண்டலா?"

"இல்ல, டெல்மர். அந்தப் பெட்டிய நீங்க கொண்டாந்த அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். சொல்லல."

"சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?"

"கேட்டிருக்க மாட்டீங்க."

"அப்புறம் என்ன."

அந்தப் பக்கம் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. சரி, வைக்கட்டுமா என்றேன்.

"டெல்மர், ஏதாவது சொல்லேன்."

"எதைப் பத்தி?"

"யாரைப் பத்தியாவது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் சர்ச்சின் மூப்பர் தலைச்சாயம் வாங்கப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் மனைவியின் தங்கையிடமே மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தேன்.