என் உருண்டைகளும் அண்ணியின் உருண்டைகளும்

என் மேசையில், கத்தரிக்கோலுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவே, விரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. உள்ளே கறுப்பு உருண்டைகள். கடுகைவிடச் சற்றுப் பெரியவை. ஒன்றுக்கொன்று அளவு மாறாதவை. வெளிச்சம் பட்டால் மினுங்கும். மாவட்டச் செய்திப் பக்கத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு முறை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டார்கள். "என்னக்கா, தாளிக்கிறதுக்கா?" என்று ஒருவன் கேட்டான். இறால் ஓட்டில் செய்தது என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். அவற்றைச் செய்தது நான். போன வாரம் கொண்டுவந்து கொடுத்தது என் அண்ணி.

அச்சில் அண்ணியை 'அவர்' என்று எழுதுவதுதான் எங்கள் பத்திரிகையின் வழக்கம். இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள் முதலில் எனக்கு அண்ணி இல்லை. ஓசூரில், மருந்துகளுக்கான மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி. நான் பர்கூர், அவள் கர்நாடக எல்லையோர ஜவளகிரி. ஆச்சரியப்பட்டால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். மாங்காய் சீசனில் ஒருநாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் அண்ணன் பார்த்தான். அடுத்த தை மாதம் அவள் அண்ணியாகிவிட்டாள். அதன் பிறகு வீட்டில் "வாங்க அண்ணி", ஆய்வகத்தில் "வாடி" என்று இரண்டு நாக்கோடு வாழ்ந்தேன். அம்மா முன்னால் 'டீ' போட்டால் அன்றைக்கு முழுக்கத் திட்டு.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலையைத்தான் தனித்தனியாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்கும் வினைக்குப் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். ஆனால் அது மருந்தில் தங்கிவிடக் கூடாது. ஆகவே உலோகத்தை எதிலாவது பிடித்துவைத்து, வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற வெள்ளைத் தூள். அதை நீர்த்த அமிலத்தில் கஞ்சி போலக் கரைத்து, ஊசிவழியாகக் காரநீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே உறைந்து உருண்டையாகும். உருண்டைக்குள் பஞ்சில் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உலோகம் அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார வேண்டும். உலோகம் ஏறினால் வெள்ளை உருண்டை கறுத்துவிடும். யாருடைய உருண்டை தேறுகிறதோ அது பெரிய உலைக்குப் போகும். செய்தவரே அந்தப் புதிய பிரிவுக்குத் தலைமை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று அதைவிட அதிகமாக நினைத்தேன்.

உருண்டை விடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கை நடுங்காது, சொட்டு பிசகாது. விட்டதைக் கழுவி, சூட்டடுப்பில் உலர்த்தி எடுத்தால் சுருங்கி, கெட்டியாகி, கோத்துவிடலாம் போல வரும். அவளுடையவை வால் முளைத்தும் நசுங்கியும் கிடந்தன. அவற்றை அவள் அடுப்பில் வைக்கவும் மாட்டாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, அந்த இடத்தில் ஆல்கஹாலை ஏற்றி, நாள் கணக்கில் காத்திருப்பாள். "என்னடி, ஊறுகாய் போடறியா?" என்பேன். சிரிப்பாள். வீட்டில் நிலவரம் வேறு. "உங்க அண்ணி களி கிண்டுனா ஒரு கட்டி உழுதா பாரு. நீயும் இருக்கறியே" என்பாள் அம்மா. கைட்டோசானும் அவளுக்குக் கட்டி விழாமல்தான் கரைந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சோதனையில் என் உருண்டைகள் வினையைச் சீக்கிரமாக முடித்தன. அவளுடையவை நிதானமாகவே வேலை செய்தன. எங்கள் பிரிவுத் தலைவர் என் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நகைக்கடையில வெக்கலாம்மா" என்றார். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வடிச்ச தண்ணியில மெட்டல் இருக்குதா பாத்தியா?"

"பாத்தேன். துளி இல்ல."

"ஆற வெச்சு வடிச்சியா, சூடாவா?"

"ஆற வெச்சுத்தான். கையைச் சுட்டுக்கச் சொல்றியா?"

"ஹௌதா?" என்று, 'அப்படியா'வைக் கன்னடத்தில் இழுத்தாள். பிறகு, "ஒருக்கா கொதிக்கக் கொதிக்க வடிச்சுப் பாருடி. சார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

பயந்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவளுடைய பயத்தை ருசிபார்க்கவே மறுநாள் அதைச் செய்தேன். வினை பாதியில் இருக்கும்போதே உருண்டைகளைச் சூடாக வடித்து எடுத்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மறுபடி அடுப்பில் ஏற்றினேன். உருண்டை இல்லையென்றால் வினை நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. உருண்டைகள் தட்டில் அழகாகக் கிடந்தன. குடுவைக்குள் வேலை நடந்துகொண்டே இருந்தது. உலோகம் சூட்டில் உருண்டையை விட்டுக் கரைந்து இறங்கி, வெளியே நின்று வேலை பார்த்திருக்கிறது. ஆறும்போது திரும்பிவந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷிப்டு முழுக்க வெளியே சுற்றிவிட்டு, முடியும் நேரத்தில் கேட்டுக்கு வந்து பஞ்ச் வைக்கும் ஆளைப் போல. ஆறவைத்து வடித்த எனக்கு அது எப்போதும் உள்ளே இருந்ததாகவே தெரிந்தது. காரணம் அந்த மினுமினுப்புதான். அடுப்பில் உலர்த்தியதில் துளைகள் எல்லாம் மூடிக்கொண்டன. உள்ளே போக வழியில்லாத உலோகம் மேல்தோலில் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்தது. அவளுடைய கோணல் உருண்டைகளைச் சூடாக வடித்துப் பார்த்தபோது, நீரில் வினை அந்த நிமிடமே செத்துப்போனது. துளைகள் திறந்திருந்தன. உலோகம் உள்ளேயே இருந்தது.

நானே போய்ச் சாரிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அவள் என்னைக் கேட்டிருந்தால் காலத்துக்கும் வெறுத்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

அவளுடைய உருண்டைகள் பெரிய உலைக்குப் போயின. சில வருடங்களில் நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். புதிய பிரிவு தொடங்கிய செய்தியை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. பிழையில்லாமல், ஒரு அடைமொழி இல்லாமல் எழுதினேன். செய்தியாசிரியர் பாராட்டினார். அம்மா அந்தத் தாளை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். படத்தில் இருந்தவளுக்காக.

போன வாரம் அண்ணி அலுவலகத்துக்கு வந்தாள். ஆட்கள் இருந்ததால் "வாங்க அண்ணி" என்றேன். "அம்மாதான் இங்க இல்லியே, அப்புறம் என்னா 'வாங்க'?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆய்வகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து வைத்தாள்.

"உன்னுதுதான். இத்தன வருஷமா என் மேசை மேலயே இருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல."

"தேறாத சரக்கை எதுக்கு வெச்சிருந்த?"

"இந்த மாதிரி ரவுண்டா எனக்கு ஒரு தடவையாச்சும் வந்துச்சா? இன்னும் வால் முளைச்சுத்தான் வருது. இதப் பாக்கறப்பல்லாம் வயிறு எரியும்டி."

சிரித்துக்கொண்டே சொன்னாள். டீயைக் குடித்தாள். சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்வதைப் போல அதைச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

குப்பியை நான் உள்ளே எடுத்து வைக்கவில்லை. வெளிச்சத்தில் உருண்டைகள் மினுங்குகின்றன. அவளுடைய பதவி, அம்மாவிடம் அவளுக்கிருக்கும் பேர், கட்டி விழாத கை என்று எத்தனையோ பார்த்து இத்தனை காலம் உள்ளுக்குள் வெந்திருக்கிறேன். அவளுக்கு நேராக, 'வயிறு எரியும்டி' என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை ஒருமுறையாவது சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இப்போது அவளிடம் இருப்பவற்றில் எனக்கு அதிகம் வயிறெரிவது அந்த வாயைப் பார்த்துத்தான்.