விமானச் சத்தத்தில் கேட்காத டேப்லெட்

தாம்பரத்தில் பேச்சு சிகிச்சையாளராக வேலை பார்த்த காலத்தில் எனக்குக் கோபம் வரவைத்தவர்கள் நோயாளிகள் அல்ல, நிதி தருகிறவர்கள். பேச உதவும் கருவியை மொத்தமாக வாங்கி வைத்துவிட்டு, அதற்கு ஆள் தேடுவார்கள்.

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் மளிகைக் கடை வைத்திருந்த செல்வத்துக்குப் புற்றுநோயால் நாக்கை எடுத்துவிட்டார்கள். எழுதிக் காட்டினால் வாடிக்கையாளர் நிற்பதில்லை. அவருடைய மனைவி ஸ்டெல்லாவின் தம்பி தினமும் வந்து, "பேச முடியாம இன்னா வியாபாரம் மாமா? கடைய வாடகைக்கு வுடு" என்பான்.

அவருக்காக நான் கேட்டது பட்டன் பெட்டி. அழுத்தினால் பதிந்த குரல் உரக்கப் பேசும். தராசுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு விரலால் அழுத்தலாம். நிதி தரும் அறக்கட்டளையின் அதிகாரி, திரையைத் தட்டினால் பேசும் டேப்லெட்தான் தருவேன் என்றார்.

"எங்க ஆபீஸ்ல டிரயல் பார்த்தோம் மேடம். நல்லா பேசுது."

"உங்க ஏசி ரூம்ல அவரு பருப்பு விக்கல சார். கடைக்கு வாங்க."

வந்தார். ஒரு பெண், உளுந்து புதுசா என்று கேட்டாள். செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டைத் தட்டினார். தலைக்கு மேல் விமானம் இறங்கியது.

"இன்னாண்ணா, நீயும் பேசல, டப்பாவும் பேசல" என்று அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

"ஃபிளைட் போனதும் மறுபடி அழுத்தலாமே?" என்றார் அதிகாரி.

"அதுவரைக்கும் அந்தம்மா நிக்கணுமே சார்."

அவர் பதில் சொன்னபோது அடுத்த விமானம் வந்தது. கேட்கவில்லை என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன். அங்கேயே பெட்டிக்கு ஒப்புக்கொண்டார்.

குரல் கொடுத்தது ஸ்டெல்லா. "புதுசுதான்." "சில்லறை குடு." "கடன் கெடையாது."

"வூட்ல நான் பேசினா காதுல வாங்க மாட்டாரு. இனிமே என் கொரல்லதான் பொழைக்கணும்" என்று சிரித்தாள். கடைசிப் பட்டனுக்கு மட்டும் செல்வமே எழுதிக் கொடுத்தார்.

மறுவாரம் நான் கடையில் இருந்தபோது தம்பி வந்தான். "வாடகைக்குப் பார்ட்டி ரெடியா கீது மாமா. அட்வான்ஸ் வாங்கிக்கலாமா?"

மேலே விமானம். செல்வம் துவரம்பருப்பை எடைபோட்டபடியே, நிமிராமல், கடைசிப் பட்டனை அழுத்தினார்.

"கடை வாடகைக்கு இல்லடா. போய் வேலையப் பாரு."

அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவியை அது பேச வேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள். பணம் தருகிறவரையும் இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்துங்கள்.