கேட்டடியில் சலோமி

மலாயாவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட வருஷம், சலோமிக்கு முப்பத்தாறு வயது. ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோன கணவன் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மாரின் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினாள். தமிழ் வாசிப்பாள், மலாய் தடங்கலில்லாமல் பேசுவாள். அதுவே அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அது வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. ஆண்களைப் போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்றதும், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தனபாலன் சலோமியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தினமும் விடிகாலையில் கேட்டில் நின்று அறுபத்திரண்டு பெண்களின் இடுப்பையும் மடியையும் கொண்டையையும் தடவினாள். கூட இருந்து வளர்ந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். குழாயடிக்கு அவள் குடத்தோடு வந்தால் பேச்சு அடங்கிவிடும். ‘தடவுறவ’ என்று பெயரும் வைத்தார்கள்.

முன்பெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி மலாக்கா கோயிலுக்குப் போய்விடுவாள். அங்கே முழங்காலில் நின்றால்தான் ஆண்டவர் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இப்போது பாஸ் இல்லாமல் எங்கும் நகர முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து, “இந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிடும்” என்று மட்டும் ஜெபித்தாள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போயிற்று. பதில் வரவில்லை.

ஒருநாள் காலை முனியாயியைச் சோதித்தபோது அந்த அம்மாளின் உடம்பு அனலாகக் கொதித்தது. சலோமியின் கை அப்படியே நின்றது. ‘ஆண்டவரே, இந்தம்மாவைப் பாரும்’ என்று மனசுக்குள் சொன்னாள். மறுநாள், “காய்ச்சல் எப்பிடி இருக்கு சின்னம்மா?” என்று கேட்டாள். முனியாயி கேட்டைத் தாண்டி நடந்தாள். ஆனால் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொருத்திக்காகவும் மனசுக்குள் ஒரு வார்த்தை ஜெபம் என்று ஆரம்பித்தது. யாருக்கு முதுகு வலி, யார் ராத்திரி அடி வாங்கியிருக்கிறாள், யாருக்குப் பால் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரிந்தது. தெரிந்ததை அங்கேயே கடவுளிடம் சொன்னாள். கை மெதுவாயிற்று. வேலையிலிருந்து எடுத்துவிடும் என்று கேட்பதே மறந்துபோயிற்று. மலாக்காவில்கூட இத்தனை பக்கத்தில் அவள் ஆண்டவரை உணர்ந்ததில்லை.

பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்கு அப்போது ஏழு மாதக் கர்ப்பம். ஒரு திங்கட்கிழமை அவள் வயிற்றுக்குக் கீழே, சேலை மடிப்பில், சலோமியின் விரலில் சூடாக எதுவோ தட்டியது. வாழையிலையில் கட்டிய சோறு.

“வுட்டுடுக்கா,” என்றாள் காளியம்மா, உதடு அசையாமல். “பத்து மணிக்கெல்லாம் கண்ணு இருட்டுது. போன வாரம் மரத்தடியிலயே வுழுந்துட்டேன். எனக்குத்தான்கா, வேற யாருக்கும் இல்ல.”

காட்டிக் கொடுத்தால் காளியம்மாவுக்குச் சிறை. மறைத்து அனுப்பி, வழியில் பட்டாளத்துக்காரன் பிடித்தால் இரண்டு பேருக்கும் சிறை. பொய்யும் சொல்லக் கூடாது, இந்தப் பிள்ளைத்தாய்ச்சியையும் கைவிடக் கூடாது. ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டாள். குரல் ஒன்றும் கேட்கவில்லை. பயம் மட்டும் காணாமல் போயிருந்தது.

சலோமி பொட்டலத்தை எடுத்து எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தாள். “துவான், இவகிட்ட சோறு இருக்கு. ஒளிச்சு வச்சிருந்தா,” என்று காவல் நின்ற போலீஸ் கார்ப்பரலை மரியாதையாகக் கூப்பிட்டு மலாயில் உரக்கச் சொன்னாள். காளியம்மாவின் முகம் வெளுத்தது. சலோமி அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கு உள்பக்கமே உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். “சாப்பிடு.”

கார்ப்பரல் துப்பாக்கியோடு வந்தார். “சட்டம் தெரியாதா உனக்கு?”

“சோறு வெளிய போகக் கூடாதுங்கறதுதானே சட்டம்? போகல, துவான். இங்கயே அவ வயித்துக்குள்ள போகுது.”

வரிசையில் யாரோ சிரித்து அடக்கினார்கள். கார்ப்பரல் சிரிக்கவில்லை. “துரைகிட்ட சொல்லத்தான் போறேன்.”

“நானும் வரேன். நடங்க.”

காளியம்மா கண்ணீரும் சோறுமாகச் சாப்பிட்டாள். அறுபத்தொரு பெண்கள் அவள் கடைசிக் கவளம் வரை அசையாமல் நின்றார்கள்.

தோட்டத்து ஆபீசில் மானேஜர் துரையோடு ஒரு போலீஸ் அதிகாரியும் இருந்தார். சலோமி தமிழில் சொல்லச் சொல்ல, தனபாலன் அதை இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பதுபோல மாற்றினார். ‘சாரி’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் நிறுத்தினாள்.

“கிராணியாரே, நான் மன்னிப்புக் கேக்க வரல.” துரையிடம் திரும்பி மலாயில் பேசினாள். ஆயாக்கொட்டகை வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. விடிகாலையில் அங்கே கஞ்சி காய்ச்ச வேண்டும். எல்லாரும் குடித்துவிட்டு வேலைக்குப் போகட்டும். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கிறவர்களும் பத்து மணிக்குத் திரும்பி வந்து இன்னொரு தடவை குடிக்கட்டும். ஒரு பருக்கைகூட வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு.

“முடியாதுன்னா?” என்றார் துரை.

“நாளையிலேருந்து பசியோட நிக்கிற பொம்பளைய என் கையால தொடமாட்டேன். வேற ஆள் பாத்துக்குங்க.”

துரை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வேலிக்குள் சமைப்பதற்குத் தடை ஏதும் இல்லை என்றார். காளியம்மாமேல் வழக்கு வேண்டாம் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை ஆயாக்கொட்டகையில் அரிசி மூட்டை வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்தது. முதல் மங்கு கஞ்சி காளியம்மாவுக்கு. வரிசை முடிந்ததும் முனியாயி அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு, “நீ உக்காந்து குடிடி மொதல்ல,” என்று சலோமிக்கு ஊற்றினாள்.

கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் கேட்டுக்கு வந்தார்கள். காளியம்மா தானாகவே கையைத் தூக்கி நின்றாள். “அக்கா, ஒங்க சாமிகிட்ட என் புள்ளைக்காக ஒரு வார்த்த சொல்லுங்க.”

“தெனமும் சொல்றேன். இங்க நிக்கிற ஒவ்வொருத்திக்கும் சொல்றேன்,” என்றாள் சலோமி.

பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதமாக அந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலோமி வீட்டில் ஜெபிக்க உட்கார்ந்தாள். கேட்க ஒன்றும் இல்லை. நெஞ்சு நிறைந்து, வாய்விட்டுப் பாடினாள், வேலிக்கு அப்பால் காவல் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி. பாட்டு முடிந்ததும் பலகைச் சுவரைப் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ தட்டினார்கள்.

“நிறுத்தாதக்கா,” என்றது காளியம்மாவின் குரல். “இன்னொண்ணு பாடு.”