ரைட் சொன்ன வாய்

எங்கள் அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரே தடம்தான், அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்கு. உச்சியில் பள்ளத்தாக்கு தெரிகிற வளைவில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். பயணிகள் இறங்கி "ஆஹா ஓஹோ" என்பார்கள். இவள் தலைகளை எண்ணி ஏற்றி, வண்டியைக் கிளப்பிவிடுவாள். "பள்ளத்தாக்கை எங்கடி பார்த்தேன்? டிக்கெட் வாங்காதவன் மூஞ்சியத்தான் பார்த்தேன்" என்பாள்.

ஓய்வு பெற்ற கையோடு இடுப்பு மூட்டு மக்கர் பண்ணிவிட்டது. வீட்டுக்குள் எதையாவது பிடித்துக்கொண்டு நாலடி நடப்பாள், வெளியே சக்கர நாற்காலிதான். ஒரு கல்யாணத்தில் மாடி மண்டபத்துக்கு அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒரு தடியன், "யப்பா, என்னா கனம்!" என்றான். அக்கா அங்கே சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும் அவளிடம் ஒரே கேள்விதான்: "தூக்கணுமா?" ஆமாம் என்றால் வரமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள், "மலைக்குப் போறோம். என்னை யாரும் தூக்கக் கூடாது" என்றாள்.

போனைக் கையில் எடுத்தாள். வழியிலிருக்கிற பெட்ரோல் பங்க்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "கழிப்பறைக்குப் படி இருக்கா? சும்மா இல்லைன்னு சொல்லாதீங்க, போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்." உச்சியில் இருக்கும் டீக்கடைக்காரரையும் பிடித்துவிட்டாள்.

"அந்த வளைவுல இருக்கிற தடுப்புச் சுவர் உங்களுக்கு எதுவரைக்கும் வரும்?"

"இடுப்புவரைக்கும்மா."

"நீங்க உயரமா, குட்டையா?"

அந்த மனிதர் யோசித்து, "உயரம்தான்" என்றாராம். போனை வைத்த அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்போ நாற்காலியில உக்காந்தா எனக்குச் சுவர்தான் தெரியும். சுவரைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?"

அங்கே பிறந்ததுதான் டிரெய்லர் யோசனை. என் வீட்டுக்காரர் வெல்டர். சாமான் ஏற்றுகிற பழைய டிரெய்லர் ஒன்றைப் பிடித்து, எங்கள் காரின் பின்னால் மாட்டி, கூரை போட்டு, படுக்கையும் கழிப்பறையும் வைத்தார். பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே நாற்காலி ஏறுகிற சரிவாகிவிடும். இரண்டு பக்கமும் பிடித்து ஏறக் கம்பி. உள்ளே உட்கார்ந்தால் கண் சுவருக்கு மேலே போய்விடும். ஆனால் ஒன்று, டிரெய்லரின் பின்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கவேண்டும். அதாவது ரிவர்ஸ்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். "ரிவர்ஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று வாய்ச்சவடால் விட்டேன். டிரெய்லரோ, நாம் ஒரு பக்கம் ஒடித்தால் மறுபக்கம் போகிற ஜென்மம். வீட்டு முன்னால் ஒத்திகை பார்த்தோம். அக்கா ஓரமாக நாற்காலியில் இருந்து வழி சொன்னாள்.

"ரைட்!" என்றாள். வலது பக்கம் ஒடித்தேன்.

"ரைட், ரைட்!" இன்னும் ஒடித்தேன்.

"அடியேய்!"

பக்கத்து வீட்டுச் சுவர் சரிந்தது.

"ரைட்டுன்னு நீதானே சொன்னே?"

"ரைட்டுன்னா போடின்னு அர்த்தம்! நீ பஸ்லயே ஏறினதில்லையா?"

கண்டக்டர் அகராதியில் ரைட் என்றால் போ, ஹோல்டான் என்றால் நில். வலதாவது இடதாவது! நான் கத்தினேன், அவள் கத்தினாள், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவரையும்விடப் பலமாகக் கத்தினார். என் வீட்டுக்காரர், பாவம், வாயைத் திறக்காமல் சிமெண்ட் குழைத்தார்.

எனக்கு வெறுத்துவிட்டது. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, விட்டுடு" என்றேன். அக்கா விடுகிற ஆளா? சாயங்காலம் கூப்பிட்டாள். "இனிமே ரைட்டே கிடையாது. உன் பக்கம், காலி சீட்டுப் பக்கம், அவ்வளவுதான். டிரெய்லரோட வால் எங்க போகணுமோ அதைச் சொல்வேன், ஸ்டியரிங் உன் பாடு. போக ரெண்டு விசில், நிக்க ஒரு விசில்." பீரோவிலிருந்து அவளுடைய பழைய விசில் வந்தது. ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தையை ஒரே சாயங்காலத்தில் விட்டுவிட்டாள் மகராசி! நகம் கடிப்பதையே என்னால் இன்னும் விடமுடியவில்லை.

கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். உச்சியில் முன் சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே பலகையைப் போட்டு, தானே சறுக்கி இறங்கினாள். இரண்டு விசில். "காலி சீட்டுப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... இப்ப உன் பக்கம்." ஒரு விசில். கதவைச் சாய்த்தேன். சுவருக்கும் கதவுக்கும் நடுவே நாற்காலி திரும்பத் தாராளமாக இடமிருந்தது.

பின்னால் போய்க் கை கொடுத்தேன். "கையை எடுடி" என்றாள். கம்பிகளைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க, தன்னைத் தானே இழுத்துக்கொண்டு ஏறினாள். உள்ளே போய் நாற்காலியைத் திருப்பினாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். ஆறு எங்கோ அடியில் மின்னியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தாள்.

சாலையில் ஒரு கார்க்காரன் இடம் கேட்டு ஹாரன் அடித்தான். நான் பழக்க தோஷத்தில், "அக்கா, போலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பவே இல்லை. "ஹோல்டான்" என்றாள்.

கார்க்காரனிடம் போனேன். "எவ்வளவு வேணும்னாலும் அடிங்க சார்" என்றேன். "கண்டக்டர் சொன்னாத்தான் வண்டி கிளம்பும்."