இரண்டாவது கொஞ்சம் மட்டம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு சிடி பிளேயர்கள் இருந்தன. பழையது, நாமக்கல்லில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது மனைவியின் அண்ணன் மேச்சேரியிலிருந்து சீராகக் கொண்டுவந்தது. புதியது, எனக்கு இசை ஞானம் முற்றிய பிறகு நானே வாங்கியது. இரண்டையும் ஒரே கன்வெர்ட்டர் பெட்டியில் செருகியிருந்தேன். சிடியில் இருக்கும் எண்களைச் சத்தமாக மாற்றுவது அந்தப் பெட்டிதான். எண்களை எடுத்துக் கொடுப்பதோடு பிளேயரின் வேலை முடிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் இதை விளக்கிவிட்டு, அதே மூச்சில், "ஆனாலும் பழசுல நாதஸ்வரத்துக்குச் சளி புடிச்சிருக்குது" என்பேன்.

"அடுப்பு ஒண்ணுதானுங்களே? அரிசிய எந்த டப்பாவுல இருந்து எடுத்தா என்னங்க?" என்றாள் மனைவி.

"அதுக்கெல்லாம் காது வேணும் புள்ள."

வாய் அத்தோடு நின்றிருக்கலாம். பழையதைப் பரணில் போடப்போவதாகவும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஞாயித்துக்கெழம அண்ணன் வாராருங்க. என்ற பொறந்த ஊட்டுச் சீரு பரண்ல கெடந்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவருக்குச் சோறு போடறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீம்பு விடவில்லை. கடைசியில் அவளே ஒரு பந்தயம் கட்டினாள். அண்ணன் முன்னாலேயே நான் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எது எதுவென்று சரியாகச் சொன்னால் பழையதை அவளே பரணுக்குத் தூக்கித் தருவாள். தவறினால் புதியது மேலே போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சோபாவில் சப்பணமிட்டேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி ஒரு தடவை போட்டாள்; நிறுத்தினாள்; அதே பாட்டை மறுபடி போட்டாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

"மொதல்ல பாடுனது புதுசு. அடடா, தவில் தனியா நிக்குது பாருங்க! ரெண்டாவது பழசு. கொஞ்சம் மட்டம்."

துண்டை அவிழ்த்தேன். மனைவி புதிய பிளேயரின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, காத்தால உங்க சட்டையத் தேய்க்க இந்தப் ப்ளக்கைப் புடுங்குனவ, திருப்பி மாட்ட மறந்துட்டேனுங்க. புதுசுல கரண்டே இல்ல. அதனால ரெண்டு தடவையும் அண்ணன் குடுத்ததையே போட்டுட்டேனுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையில், எனக்குக் கூடமே எதுவென்று தெரியவில்லை. மச்சான் சிரிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ தாடையைத் தடவியபடி, "இல்ல மாப்ள, ரெண்டாவது கொஞ்சம் மட்டமாத்தான் இருந்துச்சுங்க" என்றார்.

"நல்ல சோடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பந்தயம் பந்தயம்தானே. ஸ்டூல் போட்டு நானே புதியதைப் பரணில் ஏற்றினேன். கீழே பழையது பாடிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வாரம் முழுக்கக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவள் முகத்தில் திரும்ப வந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"அங்கிருந்து கேட்டா எப்படீங்க இருக்குது?"

வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

"புதுசு மேல வந்ததுல இருந்து, பழசு நல்லாத் தெளிஞ்சிருக்குது புள்ள" என்றேன்.