ஒரு வண்டியில் இரண்டு அப்பாக்கள்

காரணமில்லாமல் யாரும் யாருக்கும் சோறு போடமாட்டார்கள் என்பது ஏழு வயதில் எனக்கிருந்த திடமான அறிவு. அம்மா காய்ச்சலில் போனதும், அப்பா என்னை மாதா கோயில் வாசலில் உட்காரவைத்து, "தோ வந்துர்றேன்" என்று போனவர்தான். பங்குச் சாமியார் சில நாள் பார்த்துவிட்டு, பிள்ளையில்லாத ஒரு வேதக்காரத் தம்பதியிடம் என்னை ஒப்படைத்தார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூர்ப் பக்கம் கொஞ்சம் கரும்பு, ஒரு ஜோடி மாடு, வெல்லம் காய்ச்சும் ஒரு கொட்டகை. அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

அங்கே மூன்று வேளையும் சாப்பாடு கிடைத்தது. சந்தேகமே அதில்தான் தொடங்கியது. வளர்த்த அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்தால், விற்கப்போகிற கன்றைக் குளிப்பாட்டுவது ஞாபகம் வரும். மீன் துண்டு பெரிதாக விழுந்தால் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவித்த கிழங்கில் ஒன்றை வைக்கோலுக்குள் ஒளித்துவைப்பேன். துரத்தினால் வழிக்கு வேண்டுமே. அதைப் பார்த்தும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததையும் சந்தேகப்பட்டேன். அம்மா, அப்பா என்று நான் அவர்களைக் கூப்பிட்டதில்லை. எதுவென்றாலும் "இங்க பாருங்க"தான்.

அடுத்த வருஷம் வெல்லம் காய்ச்சும் பருவத்தில் பெற்ற அப்பா வந்து கொட்டகை வாசலில் நின்றார். இங்கிலீஷ்காரன் எல்லைக்குள், கடலூரில் ஒரு பெரிய வீட்டில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை பேசியிருந்தாராம்.

"எம் பொண்ண இட்டுகினு போவ வந்தேன்."

வளர்த்த அம்மா விறுவிறென்று உள்ளே போய்விட்டாள். வளர்த்த அப்பா கொப்பரையைக் கிளறுவதை நிறுத்தாமல் கேட்டார்: "சாப்ட்டியா தம்பி?"

கரும்புச் சக்கைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தடியெடுத்து விரட்டியிருந்தால் வளர்த்தவரை நம்பியிருப்பேன். இது பேரம்தான் என்று முடிவுகட்டினேன். வந்தவர் உடனே போகவும் இல்லை. அங்கேயே தங்கி, சாறு பிழியும் ஆலைக்குக் கரும்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் வீசிய சாராய வாடை மெல்லக் குறைந்தது.

ஒரு சாயங்காலம் செபத்துக்கு அவரும் வந்து பின்னால் முழங்காலிட்டார். "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும் இடத்தில் நான் எப்போதும் வாயை மூடிக்கொள்வேன். அன்று அடக்க முடியவில்லை.

"எங்கள்னா ஒங்க ரெண்டு பேருக்குத்தான? எனக்கும் சேத்தின்னா நம்மன்னுதான சொல்லணும்?"

வளர்த்த அம்மாவின் கையில் செபமாலை நின்றது. வளர்த்த அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நாம இத யார்கிட்ட சொல்றோம்? அவர்கிட்டதான? அவர்கிட்டயே போயி நம்ம அப்பான்னு சொல்ல முடியுமா? அதான் எங்கள். இங்க முட்டி போட்ட அத்தினி பேரும் அதுல சேத்தி. நீயும்தான். தோ, ஒங்கப்பாவும்தான்."

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "அந்த ஆளும்னா எனக்கு வேணாம்" என்றேன்.

மறுநாள் காலை பெற்ற அப்பா கிளம்புவதாகச் சொன்னார். வளர்த்த அப்பா வண்டி பூட்டி, என்னையும் ஏறச் சொன்னார். வளர்த்த அம்மா என் பாவாடைகளை மூட்டையாகக் கட்டி மடியில் வைத்தாள். முடிச்சிலிருந்து கையை எடுக்க அவளுக்கு வெகுநேரமாயிற்று. சரி, விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கிருமாம்பாக்கம் தாண்டி, எல்லைச் சாவடிக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. பெற்ற அப்பா இறங்கி என்னை நோக்கிக் கை நீட்டினார். வளர்த்த அப்பா மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை மூட்டையைத் தொட்டது, என் தலையைத் தொட்டது, பிறகு தாழ்ந்துவிட்டது.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே."

"எப்ப வேணா வந்து பாரு தம்பி. ஒம் பொண்ணு இருக்கற வூடு."

அவர் சாவடியைக் கடந்து மறைந்ததும் கேட்டேன்: "இங்க பாருங்க, அந்த ஆளுக்கு இன்னா குடுத்தீங்க?"

"இன்னாவும் குடுக்கலம்மா."

"அப்பறம் என்ன ஏன் இட்டாந்தீங்க? வூட்லயே வுட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

"ஒளிச்சி வெச்சி வளத்தா அது திருட்டு." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அதையும் நான் நம்பவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கோயிலில் பிதா என்ற சொல் வரும்போது சிம்மாசனத்தில் இருக்கும் யாரும் என் நினைவுக்கு வருவதில்லை. பெண்ணைப் பறிகொடுக்கவும் துணிந்து, கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்த அந்த மனிதர்தான் வருகிறார். ஆனால் அன்று திரும்பும் வழியெல்லாம், வேண்டியபோது குதித்து ஓட வசதியாக, வண்டியின் பின்னோரத்தில் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பினால் ஓட்டமெடுக்கும் மாடுகளை இழுத்துப் பிடித்து, குதித்தாலும் அடிபடாத அளவுக்கு மெதுவாக ஓட்டினார். மாடுகளுக்குத்தான் கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.